97-இல் செய்த எம்டிபி கோப்பு திறக்கவில்லை, செத்துவிட்டதா?

கேள்வி, 6 ஜூலை 2024

அப்பா கடைக்கணக்கு வைத்திருந்த பழைய ஆக்சஸ் (மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருள்) கோப்பு, பெயர் எம்டிபி என்று முடியும். புது ஆக்சஸில் திறந்தால், முந்தைய பதிப்பில் உருவாக்கிய தரவுத்தளத்தைத் திறக்க முடியாது என்று செய்தி வருகிறது. கணினி பழுது பார்க்கிற கடையில் காட்டினேன். கரப்ட் ஆகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். இணையத்தில் ஒரு மீட்பு மென்பொருள் 4,500 ரூபாய் கேட்கிறது. வாங்கலாமா?

6 ஜூலை, இரவு

வாங்காதீர்கள். கோப்பு கெட்டுப்போயிருந்தால் 'வடிவம் அடையாளம் தெரியவில்லை' என்ற மாதிரிதான் செய்தி வரும். உங்கள் கோப்பை ஆக்சஸ் சரியாகவே அடையாளம் கண்டிருக்கிறது, பழசு என்பதால்தான் மறுக்கிறது. 2013 பதிப்பிலிருந்து ஆக்சஸ் 97 கோப்புகளைத் திறக்கும் வசதியை எடுத்துவிட்டார்கள்.

2002 முதல் 2010 வரையிலான ஏதாவது ஆக்சஸ் உள்ள கணினி ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். பழைய அலுவலகம், டியூஷன் சென்டர், சொந்தக்காரர் வீட்டுப் பரண் என்று எங்காவது கிடைக்கும். அதில் திறந்து 2002-2003 வடிவத்தில் சேமித்தால் போதும். புது ஆக்சஸ் அதைத் திறந்துவிடும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. கோப்பை இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். மூலத்தைத் தொடவே கூடாது.

7 ஜூலை, காலை

நேற்று அவசரத்தில் எழுதினேன். ஒன்றை விட்டுவிட்டேன். செய்தியை மட்டும் நம்பி அலையாமல் கோப்பின் முதல் சில பைட்டுகளை நீங்களே பார்த்துவிடலாம். கோப்பின் பைட்டுகளை அப்படியே எண்களாகக் காட்டும் இலவச ஹெக்ஸ் எடிட்டர் எதுவானாலும் போதும். தொடக்கத்தில் 00 01 00 00, அதை ஒட்டி ஆங்கிலத்தில் 'ஸ்டாண்டர்ட் ஜெட் டிபி' என்று இருந்தால் அது ஆக்சஸ் எம்டிபி (ஜெட் என்பது ஆக்சஸின் உள் இயந்திரம்). 'ஸ்டாண்டர்ட் ஏஸ் டிபி' என்று இருந்தால் 2007 முதல் வந்த வடிவம். யாரோ பெயரை மாற்றியிருக்கிறார்கள். அடுத்து 20-ஆவது பைட்டைப் பாருங்கள். அது 00 என்றால் ஆக்சஸ் 97, 01 என்றால் 2000 முதல் 2003 வரை.

நான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. இதே வாரம் என் மேசையிலும் இப்படி ஒன்று கிடக்கிறது. மானாமதுரைப் பக்கம் எனக்குப் பத்தாம் வகுப்பில் அறிவியல் எடுத்த சார், ஓய்வு பெற்றவர், 2000 ஏப்ரல் முதல் 2009 டிசம்பர் வரை மாதா மாதம் 42 கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து வைத்திருக்கிறார். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, கைப்பிடிச் சுவரின் மேல் விளிம்பிலிருந்து நீர்ப்பரப்பு வரை. அதில் முதல் இரண்டு வருடம் கயிறு பிடித்த பையன்களில் நானும் ஒருவன். அத்தனையும் ஒரே ஒரு எம்டிபி கோப்பில் இருக்கிறது, அதுவும் திறக்கவில்லை. சார் பேரன் சிடியிலிருந்து பென்டிரைவில் போட்டுக் கொடுத்தனுப்பினான்.

அந்த 42 கிணறுகளில் பாதிக்கு மேல் இன்று இல்லை. தூர்த்துவிட்டார்கள். திரும்ப அளக்க வழியே கிடையாது.

7 ஜூலை, மதியம்

20-ஆவது பைட் என்று எழுதியதை ஒன்றிலிருந்து எண்ணினேன், வேறு எண் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஹெக்ஸ் எடிட்டர்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணும். கையால் எண்ணினால் 21-ஆவது. இடப்பக்க ஓரத்தில் 10 என்று தொடங்குகிற வரிசையில் ஐந்தாவது கட்டம், அவ்வளவுதான்.

8 ஜூலை

உங்கள் கோப்பில் 00 வந்தது என்று பார்த்தேன். மகிழ்ச்சி. அது ஆக்சஸ் 97-தான், நோய் எதுவும் இல்லை. மேலே சொன்ன வழி போதும்.

சார் கோப்பிலும் 00-தான். லினக்ஸில் எம்டிபி-டூல்ஸ் என்று ஒரு இலவசத் தொகுப்பு இருக்கிறது, ஆக்சஸே இல்லாமல் எம்டிபியைப் படிக்கும். அதை ஓட்டினேன். அட்டவணைகளின் பெயர்கள் எல்லாம் வந்தன. ஆனால் கிணற்று அட்டவணையை வெளியே எடுக்கும்போது 2005 வரை வந்து நின்றுவிட்டது.

முழுக்கோப்புதானா என்று சோதிக்க ஒரு கணக்கு போட்டேன். 97 வடிவத்தில் கோப்பு 2,048 பைட் பக்கங்களாக இருக்கும். 2000-த்துக்குப் பிறகு 4,096. ஆகவே கோப்பின் அளவு 2,048-ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். சார் கோப்பு 8,51,968 பைட், சரியாக 416 பக்கம். அப்படியென்றால் வெட்டுப்படவில்லை, உள்ளேதான் ஏதோ கோளாறு.

9 ஜூலை

நேற்று எழுதிய கடைசி வரி தவறு. யாரும் அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

சார் வீட்டுக்கே போய் சிடியை வாங்கி வந்தேன். சிடியின் பட்டியலில் அதே கோப்பின் அளவு 12,28,800 பைட் என்று இருக்கிறது. 600 பக்கம். பேரன் நகல் எடுக்கும்போது சிடி பாதியில் நின்றிருக்கிறது, அவன் கவனிக்கவில்லை. வெட்டுப்பட்ட கோப்பு எப்படி மீதியில்லாமல் வகுபட்டது? 8,51,968 என்பது 65,536-இன் 13 மடங்கு. 64 கேபி துண்டுகளாக நகலாகி, ஒரு துண்டு முடிந்த இடத்தில் நின்றுவிட்டது. 65,536 எப்போதுமே 2,048-ஆல் வகுபடும். மீதி வந்தால் கோப்பு வெட்டுப்பட்டது நிச்சயம், ஆனால் மீதி வராததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இரண்டு நாள் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

நகலை எப்போதும் மூலத்தின் அளவோடு ஒப்பிடுங்கள். முதலில் செய்திருக்க வேண்டியது அதுதான்.

9 ஜூலை, இரவு

ஆக்சஸிலேயே இருக்கிற 'ரிப்பேர்' பொத்தானை முதலில் அமுக்கிப் பார்த்தால் என்ன என்று ஒருவர் கேட்கிறார். நகலில் அமுக்குங்கள், அதுவும் கடைசியாக. அழித்த வரிசை ஒன்று ஜெட் கோப்பில் உடனே காணாமல் போவதில்லை. அழிக்கப்பட்டது என்று ஒரு குறி விழுகிறது, தரவு அந்தப் பக்கத்திலேயே கிடக்கும். கம்பேக்ட் செய்தால், அதாவது கோப்பைச் சுருக்கினால், நல்ல வரிசைகளை மட்டும் புதுக் கோப்புக்குக் கொண்டுபோவதால் மற்றதெல்லாம் போய்விடும். தனக்குப் புரியாத பக்கத்தை ரிப்பேரும் விட்டுவிடும். 97-இல் இரண்டும் தனித்தனி மெனு. 2000-இலிருந்து ஒன்றாக்கிவிட்டார்கள், அதனால் ரிப்பேர் மட்டும் செய்கிறேன் என்று நினைத்தாலும் இரண்டும் நடக்கும்.

10 ஜூலை

வேறு சில கோப்புகளைப் பற்றியும் கேள்விகள் வந்திருக்கின்றன.

தம்ப்ஸ்.டிபி: இது தரவுத்தளம் என்று நினைத்து இரண்டு பேர் போராடியிருக்கிறீர்கள். படங்களின் சிறு உருவங்களை விண்டோஸ் சேமித்து வைக்கிற கோப்பு அது. விட்டுவிடுங்கள்.

எல்டிபி: எம்டிபிக்குப் பக்கத்தில் அதே பெயரில் இருக்கும் குட்டிக் கோப்பு. யார் திறந்திருக்கிறார்கள் என்று கணினிப் பெயரும் பயனர் பெயரும் அதில் பதிவாகும். வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார் என்று செய்தி வந்து, உண்மையில் யாருமே திறக்கவில்லை என்றால், மின்சாரம் போனபோது இது மிச்சமாகியிருக்கலாம். எல்லாக் கணினியிலும் ஆக்சஸை மூடியதை உறுதி செய்துகொண்டு அழிக்கலாம். அதில் உங்கள் தரவு எதுவும் இல்லை.

எஸ்கியூலைட்: பல செயலிகள் பயன்படுத்தும் சிறு தரவுத்தள வடிவம். தொடக்கத்தில் 'எஸ்கியூலைட் ஃபார்மேட் 3' என்று ஆங்கிலத்தில் இருக்கும். இதில் பலரும் விழுகிற குழி ஒன்று உண்டு. பக்கத்தில் அதே பெயரோடு 'வால்' (ஆங்கிலத்தில் டபிள்யூ-ஏ-எல்) என்று முடிகிற கோப்பு இருந்தால் அதையும் சேர்த்தே நகலெடுக்க வேண்டும். கடைசியாக எழுதிய தரவு பிரதான கோப்புக்குப் போய்ச் சேராமல் அதில்தான் இருக்கும். எல்டிபி போல நினைத்து இதை அழித்தால் தரவு போய்விடும். கோப்பே சேதமாகியிருந்தால் எஸ்கியூலைட்டின் சொந்தக் கட்டளைக் கருவியில் 'ரெகவர்' என்று ஒரு கட்டளை இருக்கிறது, 2019-இல் வந்த 3.29 முதல்.

12 ஜூலை

சிடிக்கு வருகிறேன். லேபிள் பக்கத்தில் சாரின் கையெழுத்து: 'கிணறு, பத்திரம்'. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் விளிம்பில் கீறல்கள்.

சாதாரணமாக நகலெடுத்தால் ஒரு செக்டர் (சிடியின் ஒரு சிறு துண்டு) படிக்கவில்லை என்றதும் எல்லாமே நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவி அப்படியில்லை. முதலில் சுலபமாகப் படிக்கிறதையெல்லாம் எடுத்துக்கொண்டு, முடியாத இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைத்துக்கொள்ளும். பிறகு அந்த இடங்களுக்கு மட்டும் திரும்பத் திரும்பப் போகும். நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கோப்பை மட்டும் எடுக்காமல் முழுச் சிடியையும் இமேஜாக, அதாவது அப்படியே ஒரே கோப்பாக, எடுத்தேன்.

முதல் சுற்றில் சார் கோப்புக்குள் 19 செக்டர் படிக்கவில்லை. இரவு முழுக்க ஓடியதில் 11 ஆனது.

13 ஜூலை

அலுவலக நண்பர் ஒருவர் பழைய டெஸ்க்டாப் டிரைவ் ஒன்றைக் கொண்டுவந்தார். அதே வரைபடக் கோப்பைக் கொடுத்து அந்த டிரைவில் ஓட்டினேன். ஒரு டிரைவால் முடியாததை இன்னொன்று படிக்கிறது! 11 இப்போது 7. அதற்குக் கீழே இறங்கவே இல்லை. சிடியை இனிமேலும் சுழற்ற பயமாக இருந்தது, நிறுத்திவிட்டேன்.

14 ஜூலை, ஞாயிறு

இன்று காலை கண்டுபிடித்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

தரவுச் சிடியில் ஒரு செக்டர் 2,048 பைட். ஆக்சஸ் 97-இன் ஒரு பக்கமும் 2,048 பைட். சிடியில் ஒவ்வொரு கோப்பும் ஒரு செக்டரின் தொடக்கத்திலிருந்தே ஆரம்பிக்கும். அதனால் போன ஒரு செக்டருக்குச் சரியாக ஒரு பக்கம்தான் போகிறது, அடுத்த பக்கத்தில் ஒரு பைட்டும் பழுதில்லை. இதே தரவை சார் 2000 வடிவத்தில் வைத்திருந்தால் ஒவ்வொரு செக்டருக்கும் 4,096 பைட் பக்கம் ஒன்று அரைகுறையாகியிருக்கும். பழைய வடிவத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன், இங்கே அதுவே காப்பாற்றியிருக்கிறது.

600 பக்கத்தில் 7 போனது. எந்த 7 என்பதுதான் கேள்வி.

ஒவ்வொரு பக்கத்தின் முதல் பைட்டும் அது என்ன வகை என்று சொல்லும். 1 என்றால் தரவு, 2 என்றால் அட்டவணையின் அமைப்பு விவரம், 3-ம் 4-ம் இண்டெக்ஸ் (வரிசைகளைச் சீக்கிரம் தேட உதவும் பட்டியல்), 5 எந்தப் பக்கம் யாருக்குச் சொந்தம் என்ற கணக்கு. படிக்க முடியாத இடங்களில் டிடிரெஸ்க்யூ எதையும் எழுதாததால் அங்கே வெறும் பூஜ்யங்கள்தான். 2-ஆம் வகைப் பக்கம் போயிருந்தால் அட்டவணையே புரியாமல் போயிருக்கும். போகவில்லை. ஐந்து இடங்களில் எம்டிபி-டூல்ஸ், இந்தப் பக்கம் பொருந்தவில்லை என்று எச்சரித்துவிட்டு அடுத்ததுக்குப் போனது. அவை ஐந்தும் கிணற்று அட்டவணையின் தரவு. மற்ற இரண்டுக்கும் முன்னும் பின்னும் இருக்கிற பக்கங்கள் 4 என்று தொடங்குகின்றன, எச்சரிக்கையும் வரவில்லை. அவை இண்டெக்ஸ். இண்டெக்ஸ் போனால் கவலையில்லை, தரவிலிருந்து எப்போது வேண்டுமானாலும் மறுபடி கட்டலாம்.

அட்டவணையில் மொத்தம் எத்தனை வரிசை என்ற எண் அதன் விவரப் பக்கத்திலேயே இருக்கிறது. 4,914. எனக்குக் கிடைத்தது 4,753. போனது 161.

சாருக்குப் போன் செய்தேன். "நாலாயிரத்து எழுநூறு கிடைச்சிருச்சா? அப்புறம் ஏன்ப்பா குரல் இப்படி இருக்கு?" என்றார்.

15 ஜூலை

திறந்தாயிற்று, ஆனால் படிக்க முடியவில்லை! எண்களும் தேதிகளும் சரி. குறிப்புப் பகுதி முழுக்க மேலே கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள். நடுநடுவே கேள்விக்குறிகள்.

அன்றைக்குத் தமிழ் தட்டச்சு செய்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான். ஆக்சஸ் 97-க்கு யூனிகோடு கிடையாது, ஓர் எழுத்துக்கு ஒரு பைட். யூனிகோடு ஜெட் 4-இல்தான், அதாவது ஆக்சஸ் 2000-இல்தான் வந்தது. நாமோ ஆங்கில அல்லது ஐரோப்பிய எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவம் வரைந்த எழுத்துருவை வைத்துச் சமாளித்தோம். பாமினி, டாம், டாப், திஸ்கி என்று ஆளுக்கொரு ஏற்பாடு. எழுத்துரு இல்லாத கணினியில் இப்படித்தான் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து எத்தனை பேர் தூக்கிப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தாலே வருத்தமாக இருக்கிறது.

15 ஜூலை, இரவு

சாரிடம் எந்த எழுத்துரு என்று கேட்டேன். பெயர் நினைவில்லை. சிங்கப்பூரிலிருந்து தம்பி மகன் அனுப்பியது, ஆங்கிலமும் தமிழும் ஒரே எழுத்துருவில் அடிக்கலாம் என்றார். அப்படியென்றால் பாமினி இல்லை. டாமும் இல்லை, அதிலும் ஆங்கில எழுத்துகளின் இடத்தைத் தமிழ் எடுத்துக்கொள்ளும். மிச்சம் டாப், திஸ்கி. இரண்டிலும் கீழ்ப்பாதியில் ஆங்கிலம் அப்படியே இருக்கும், மேல்பாதியில் தமிழ்.

17 ஜூலை

திஸ்கிதான்.

வழியை எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும். எம்டிபி-டூல்ஸ் 97 கோப்பைப் படிக்கும்போது எழுத்தெல்லாம் விண்டோஸின் மேற்கு ஐரோப்பியக் குறியாக்கமான 1252 என்று தானாக எடுத்துக்கொள்கிறது. அதில் ஹெக்ஸ் எண்ணில் 81, 8டி, 8எஃப், 90, 9டி என்ற ஐந்து இடங்கள் காலி. அந்த பைட் வந்தால் கேள்விக்குறி போட்டுவிடும், மூல பைட் தொலைந்துவிடும். அந்தக் கேள்விக்குறிகள் இப்படித்தான் வந்திருக்கின்றன. திஸ்கியில் அந்த இடங்களில் தமிழ் எண்கள் இருக்கின்றன. சார் குறிப்புகளுக்கு ௧, ௨ என்றுதான் வரிசை எண் போடுவார், வகுப்பில் கரும்பலகையிலும் அப்படித்தான்.

97 கோப்பின் குறியாக்கம் இன்னதென்று சொல்ல எம்டிபி-டூல்ஸில் ஒரு சூழல் மாறி (ஓட்டும் முன் வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு) இருக்கிறது, பெயரில் 'ஜெட்3 கேர்செட்' என்று வரும். லினக்ஸில் குறியாக்கத்தை மாற்றித் தரும் ஐகான்வுக்குத் திஸ்கி தெரியும். மாறிக்குத் திஸ்கி என்று மதிப்புக் கொடுத்து மறுபடி ஓட்டினேன். நேராக யூனிகோடில் வந்து விழுந்தது. பழைய முறையில் 'கொ' என்பதற்கு முதலில் ஒற்றைக்கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால் என்று இருக்கும். அந்த வரிசையையும் ஐகான்வே சரிசெய்துவிட்டது.

'௧. வடமேற்கு ஊற்று அடைபட்டது. ௨. பையன்கள் மூவர் மட்டும் வந்தனர்.'

இது 2001 மே. அந்த மூவரில் நான் இருந்தேன்.

18 ஜூலை

ஒரு எச்சரிக்கை. நான் வைத்திருக்கும் பதிப்பு வெளியே எடுக்கும்போது தேதியை அமெரிக்க முறையில், மாதம் முதலில், வருடம் இரண்டு இலக்கத்தில் எழுதியது. 03/04/02 என்று இருந்தால் மார்ச்சா ஏப்ரலா? சார் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் அளந்துவிடுவார், ஆகவே எல்லாத் தேதியும் இரண்டு விதமாகப் படிக்கத் தகுந்ததுதான்! வருடம், மாதம், நாள் என்று வடிவத்தை நீங்களே கட்டளையில் கொடுத்துவிடுங்கள். கோப்புக்குள் தேதி வெறும் எண்தான், 1899 டிசம்பர் 30-லிருந்து எத்தனை நாள் என்ற கணக்கு. அங்கே குழப்பம் கிடையாது, வெளியே எழுதும்போதுதான் வருகிறது.

கடவுச்சொல் மறந்துவிட்டது என்று கேட்டவருக்கு: உங்கள் சொந்தக் கோப்புதானே, 97 வடிவத்தில் கடவுச்சொல் தரவை மறைப்பதில்லை. ஆக்சஸ் கேட்கும், எம்டிபி-டூல்ஸ் கேட்காது.

21 ஜூலை, ஞாயிறு

கடைக்கணக்குக் கோப்பு திறந்துவிட்டது என்ற செய்தியைப் பார்த்தேன். அப்பாவிடம் காட்டினீர்களா?

நான் சார் வீட்டில் இருந்தேன். போன 161 வரிசைகளும் எவை என்று கண்டுபிடிப்பது சுலபமாக முடிந்தது. மாதத்துக்கு 42 வரவேண்டும், குறைகிற மாதங்களை எடுத்தால் போதும். 2005 நவம்பர், டிசம்பர், 2007 ஆகஸ்ட் உட்பட ஐந்து மாதங்கள் வந்தன. சார் பீரோவிலிருந்து நாற்பது பக்க நோட்டுகளை இறக்கினார். கிணற்றடியில் எழுதியது, பென்சிலில். கணினியில் ஏற்றிய பிறகும் ஒன்றைக்கூடத் தூக்கிப் போடவில்லை. நான் படிக்க, அவருடைய பேரன் தட்டச்சு செய்தான். நகல் பாதியில் நின்றதற்கு அவன் இன்னமும் வருத்தப்படுகிறான். பத்து வருடம் சிடியைப் பரணில் விட்டது யார் என்று சார் கேட்டு, அவனைத் தட்டிக் கொடுத்தார்.

மதியத்துக்குள் 130 வரிசை முடிந்தது.

22 ஜூலை

மீதி 31 வரிசை 2005 நவம்பர். அந்த நோட்டு மழையில் நனைந்து பக்கங்கள் ஒட்டிக்கிடக்கின்றன. நீராவி காட்டிப் பிரித்ததில் 27 படிக்க முடிந்தது. நான்கு கிணறுகளுக்குப் பென்சில் முழுதாக அழிந்துவிட்டது.

அந்த வருடம் வடகிழக்குப் பருவமழை பேய்மழை. "எல்லாக் கிணறும் ததும்பிக்கிட்டு நின்னுச்சுப்பா, கையை விட்டா தண்ணி" என்றார் சார். அப்படியானால் அரை மீட்டர் என்று போட்டுவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். நான்கு கட்டங்களையும் காலியாக விட்டு, குறிப்புப் பகுதியில் தானே உட்கார்ந்து அடித்தார்: '௧. அளந்தது. ௨. நோட்டு நனைந்ததால் எண் இல்லை.' யூனிகோடில் ௧ எங்கே இருக்கிறது என்று மட்டும் என்னிடம் கேட்டார்.

4,914 வரிசையும் இப்போது எளிய சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து) கோப்பாக மூன்று இடத்தில் இருக்கிறது. சிடியையும் பேரன் கொடுத்த அந்த வெட்டுப்பட்ட நகலையும்கூட நான் அழிக்கவில்லை.